மூன்றாம் கம்பத்து உப்பு

அத்தியாயம் 14

குழந்தைகள் வார்டில் நின்றுகொண்டிருந்தாள் பாட்டிலக்கா. நின்றுகொண்டிருந்தாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகாத வலது காலில் பாரம் விழாமல், சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் தவித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டிலக்கா என்றதும் இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கண்டபடி நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் தொட்டதெல்லாம் கடல் தண்ணீர் பாட்டில்தான். கடற்கரையில் வரிசையாக ஆறு கம்பங்கள். வாரம் ஒரு நாள் விடிந்ததும் ஒவ்வொரு கம்பத்துக்கு நேராகவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, நகராட்சியின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது அவள் உத்தியோகம். பதினொரு வருஷ உத்தியோகம். தண்ணீர் சுத்தம் என்று அவள் கையெழுத்துப் போட்டால் பச்சைக் கொடி ஏறும். போடாவிட்டால் சிவப்பு.

போன மாதம் அவள் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டதும், ஒரு மாதம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்ததும், அவளுக்குப் பதிலாக அவள் தம்பி தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் நமக்குத் தெரிந்த சங்கதிதான். அந்த ஒரு மாதமும் அவள் வீட்டுக்காரர் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றித் தலை அலசிவிட்டவர் அவர். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தன் வாழ்க்கையிலேயே நல்ல மாதம் அதுதான் என்று அவள் தன் நர்ஸ் தோழியிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னதும் உண்டு.

நேற்று அந்த நர்ஸ்தான் போன் பண்ணினாள். "ஏண்டி, உங்க பீச்சுல குளிச்ச குழந்தைங்க நாலு பேர் இங்க படுத்திருக்குங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி வயித்துப்போக்கு, காய்ச்சல். நாளன்னிக்கு சீசன் திறக்கப் போறீங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையும் அதுவுமாக அவள் இங்கே நிற்கிறாள்.

மூன்றாவது கட்டிலில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கையில் ஊசிக் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மாக்காரி. தூங்கி எத்தனை நாளோ, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"நீங்க ஆஸ்பத்திரி ஆளா?"

"இல்லைங்க. பீச்சுல தண்ணி டெஸ்ட் பண்றது நான்தான்."

அந்தத் தாய் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தடவி ஒரு படத்தைக் காட்டினாள். கடற்கரை அறிவிப்புப் பலகை. மேலே பச்சைக் கொடி. கீழே இந்தப் பெண் குழந்தை, இடுப்பில் மஞ்சள் மிதவையோடு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. பலகையில் 'குளிக்க ஏற்ற தண்ணீர்' என்ற வரி. அதற்கடியில் தேதியும் கையெழுத்தும்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"நான் எல்லாத்தையும் பாத்துப் பாத்துதான் செய்வேன். குடிக்கிற தண்ணி பாட்டில்கூட சீல் இருக்கான்னு பாத்துதான் வாங்குவேன். அந்த போர்டைப் படிச்சு, தேதியைப் பாத்து, கொடி பச்சைன்னு தெரிஞ்ச பிறகுதான் இவளை இறக்கிவிட்டேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாட்டிலக்கா தாங்கியிருப்பாள். "நான் எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. அடுத்த தடவை அதைப் பண்ணாம இருக்கேன்."

பாட்டிலக்கா படத்திலிருந்த தேதியை மறுபடியும் பார்த்தாள்.

"எந்த இடத்துல குளிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடை வந்து விழற வளைவு இருக்குல்ல, மூணாம் கம்பம். பக்கத்து லாட்ஜுலதான் தங்கியிருக்கோம். ஆழம் இல்ல, குழந்தைக்கு நல்லதுன்னு அங்கயே இறங்கிட்டோம்."

வளைவில் இருப்பது ஒரே ஒரு லாட்ஜ். அது பாட்டிலக்காவின் வீட்டுக்காரருடைய லாட்ஜ்.

பரிசோதனைக் கூடத்துக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், பதிவேட்டை எடுத்து மேஜையில் விரித்ததுதான். உதவியாளர் ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

நாலு வாரம். வாரத்துக்கு ஆறு கம்பம். குடல் கிருமி எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாமே சொற்பம், எல்லாமே பச்சை. கட்டிலில் சாய்ந்தபடி அவள் பார்த்ததும் இந்தக் கட்டத்தை மட்டும்தான். உதவியாளர் பதிவேட்டில் எண்களை எழுதி அனுப்புவார், தம்பி கொண்டுவருவான், அவள் கிருமிக் கட்டத்தை ஒரு பார்வை பார்ப்பாள், மனசு குளிரும், கையெழுத்துப் போடுவாள்.

இன்றைக்குத்தான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். உப்பு.

முதல் கம்பம், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். இரண்டாம் கம்பம், முப்பத்தைந்து. மூன்றாம் கம்பம், முப்பத்தைந்து. நாலு, ஐந்து, ஆறு, அத்தனையும் முப்பத்தைந்து. அடுத்த வாரம் பார்த்தால் அதே கதை. அதற்கடுத்த வாரமும்.



பதினொரு வருஷத்தில் மூன்றாம் கம்பம் ஒரு நாள்கூட முப்பத்தைந்தைத் தொட்டது கிடையாது. பக்கத்திலேயே ஓடை வந்து விழுகிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கலந்து கலந்து அங்கே உப்பு இருபத்தெட்டைத் தாண்டாது. இது அவளுக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்படியிருக்க ஆறு பாட்டிலிலும் ஒரே உப்பு என்றால் என்ன அர்த்தம்? ஆறும் ஒரே இடத்தில் பிடித்த தண்ணீர் என்று அர்த்தம். ஓடையின் வாடைகூடப் படாத தூரத்தில்.

அடிப்பாவி, கண் எங்கேடி போயிருந்தது உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'மாதிரி எடுத்தவர்'. பயிற்சி பெற்ற ஆள்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. தம்பி பேரை எழுதினால் மாதிரி செல்லாது. மாதிரி செல்லாது என்றால் கொடி ஏறாது. நம்ம தம்பிதானே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரிதானே எடுக்கப் போகிறான் என்று நாலு வாரமும் அந்தக் கட்டத்தில் அவள் தன் பேரையே எழுதியிருந்தாள். முதல் பொய் அவள் சொன்னது. அதை வைத்து அவள் தலையில் மற்றவர்கள் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

பதிவேட்டை மூடிவிட்டு, வாய் விட்டு அழக்கூட நேரம் இல்லாமல், படகுத் துறைக்கு ஆட்டோ பிடித்தாள்.

அவள் தம்பியை ஊரே வாத்து என்றுதான் கூப்பிடும். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நீந்தக் கற்றுக்கொண்டவன். லாட்ஜின் கண்ணாடிப் படகை அவன்தான் ஓட்டுகிறான். பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பவளப்பாறை வரை போய், குனிந்து மீன் பாருங்கள் என்று காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது அவன் பிழைப்பு.

"அக்கா! கால் சரியாயிடுச்சா? வா வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"மூணாம் கம்பத்துல தண்ணி எப்படிடா பிடிச்சே?"

"எப்படின்னா? நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான். இடுப்பளவு இறங்கி, அலையைப் பாத்து நின்னு, முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, அப்புறம்தான் மூடியைத் திறக்கணும்." பாடம் ஒப்பிக்கிற பிள்ளை கெட்டது போ.

"காலுக்கடியில எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? மணல்தான்."

"மூணாம் கம்பத்துல மணல் ஏதுடா? அங்க முழுக்கச் சேறு. காலை வச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும்."

வாத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. படகைக் கழுவிக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தான்.

"நீ அங்க இறங்கவே இல்ல. அப்படித்தானே?"

"அக்கா, அது வந்து..."

"மென்னு முழுங்காதே. எங்க பிடிச்சே?"

"பாறைக்கு அந்தப் பக்கம். படகுல போய் ஆறையும் அங்கயே பிடிச்சேன். அஞ்சு நிமிஷ வேலை. கடல் தண்ணி எங்க பிடிச்சாலும் கடல் தண்ணிதானேன்னு நெனச்சேன்."

"நீயா நெனச்சியா, யாராவது நெனைக்கச் சொன்னாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாமாதான் சொன்னாரு. கரையோரம் கலங்கலா இருக்கு, டெஸ்ட் சரியா வராது, தெளிவா இருக்கிற இடத்துல பிடின்னாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. அவளே காலோட அல்லாடிட்டு இருக்கா, இதைச் சொல்லி டென்ஷன் ஆக்காதேன்னாரு. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு."

பாட்டிலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்குச் சந்தேகமே வரலையாடா? நாலு வாரம்! ஒரு தடவைகூட?"

"வந்துச்சு" என்றான் வாத்து, மெதுவாக. "ரெண்டாவது வாரமே வந்துச்சு. ஆனா படகு மாமாவோடதுக்கா."

அறையலாம் என்று கை ஓங்கிவிட்டாள். படகில் ஏறக் காத்திருந்த ஒரு குடும்பம், ஆரஞ்சு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். சின்ன வயதில் இவன் செய்த எத்தனையோ தில்லுமுல்லுகளுக்கு அப்பாவிடம் பூசி மெழுகிக் காப்பாற்றியவள் அவள். அவனே தன் முதுகில் குத்துவான் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

லாட்ஜின் புது பிளாக்கில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பதினெட்டு அறை. அறைக்கு அறை குளியலறை. மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் கட்டிலில் கிடந்தபோதே, வெள்ளோட்டமாக ஆட்களைத் தங்க வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளையிலிருந்து ஒரு அறைகூட காலி இல்லை.

வீட்டுக்காரர் கதவு கதவாக எண் பலகை அடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏன் நடந்து வந்தே? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல? உக்காரு, முதல்ல உக்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. அந்த நாற்காலி அவளுக்குத் தேவைப்பட்டது என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"புது பிளாக் கழிவுக் குழாய் எங்க போகுது?"

"மெயின் லைனுக்கு. அன்னிக்கே சொன்னேனே."

"காட்டுங்க."

"இப்பவா? வெயில்ல எதுக்கு..."

"காட்டுங்க."

பின்பக்கம் பூந்தொட்டிகளை நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். அவளே இரண்டு தொட்டிகளை நகர்த்தினாள். மெயின் லைன் இணைப்புத் தொட்டி இருந்தது. அதன் மூடியைத் திறந்த சுவடே இல்லை, விளிம்பில் சிமென்ட் பூசியது பூசியபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் கனமான சாம்பல் நிறக் குழாய் ஒன்று சுவரோடு இறங்கி, புதருக்குள் போய், ஓடையில் முடிந்தது. மாடியில் யாரோ கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அரை நிமிஷம். குழாய் வாயிலிருந்து பொலபொலவென்று ஊற்றியது. ஓடை அதை வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்கப் போயிற்று. அதன் வாயில்தான் மூன்றாம் கம்பம்.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குட்டு உடைந்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் சொன்னார்.

"இதைக் கேளு. கனெக்ஷன் கொடுக்க நாலு மாசம் ஆகுமாம். ஊருக்கே ஒரு லைன், எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. சீசனோ மூணு மாசம். நான் என்ன பண்றது, நீயே சொல்லு. போன வருஷம் பொதுக் கழிப்பறைன்னு தெரிஞ்சதும் எத்தனை பேர் பெட்டியைக்கூட இறக்காம திரும்பிப் போனாங்க, நீயும் பாத்தேல்ல? பிள்ளைகுட்டியோட வர்றவங்க அறைக்குள்ள பாத்ரூம் கேக்கறது தப்பா? இங்க இருபது பேர் வேலை செய்யறாங்க. கடையைச் சாத்திட்டு அவங்களை வீட்டுக்கு அனுப்பவா?"

"தப்புன்னு யார் சொன்னா? குழாய் வர்ற வரைக்கும் பழைய பத்து அறையை மட்டும் விட்டிருக்கணும்."

"பத்து அறையை வச்சு என்ன பண்றது! இது தற்காலிகம்தான். எவ்வளவு பெரிய கடல், இது ஒரு மூலைக்குக் காணாது."

"பெரிய கடல்ல யாரும் குளிக்கறதில்லைங்க. மூணாம் கம்பத்துலதான் குளிக்கறாங்க. நம்ம லாட்ஜுல தங்கின பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குது, தெரியுமா?"

"தெரியும்" என்றார். "பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன்."

பழம்! பாட்டிலக்கா சிரித்துவிட்டாள். சிரித்தது அழுகையாகத் திரும்புவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"இந்தக் குழாயை எப்பப் போட்டீங்க? என் கால் உடையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பின்னாடி."

"எத்தனை நாள் பின்னாடி?"

"மறுநாள்."

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அந்த ஒரு மாதம் முழுவதும் அவள் கண் முன்னால் வந்து நின்றது. கடலுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு காவல். அந்தக் காவல் கால் உடைந்து கட்டிலில் விழுந்ததும் மறுநாளே ஆள் பிடித்துக் குழாய் போட்டிருக்கிறார். எழுந்திருக்காதே, நான் பாத்துக்கறேன், நீ நல்லா ரெஸ்ட் எடு என்று சொன்னதெல்லாம் எதற்காக? அவள் சீக்கிரம் குணமாக வேண்டும் என்றா, குணமாகவே கூடாது என்றா?

"தலை அலசிவிட்டீங்களே" என்றாள். "ராத்திரி வலிக்குதுன்னு முனகினா எழுந்து உக்காந்து கால் பிடிச்சுவிட்டீங்களே. அதெல்லாம் என்ன?"

"அது வேற, இது வேற. உன் மேல சத்தியமா அது நெஜம்."

"பொய்யா இருந்தா தேவலைங்க. துப்பிட்டுப் போயிடுவேன். நெஜமாவும் இருந்து, அதே கையால இதையும் செஞ்சீங்கன்னா, நான் எதைன்னு நம்பறது?"

அவள் வாசலைப் பார்க்கத் திரும்பினாள்.

"நான் இன்னிக்கே எழுதிக் கொடுக்கப் போறேன்."

"யார் மேல எழுதுவே?"

மிரட்டலாகக் கேட்கவில்லை. மெதுவாக, கிட்டத்தட்டப் பரிதாபமாகத்தான் கேட்டார்.

"புது பிளாக் உன் பேர்லதான் இருக்கு. உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நான்தான் உன் பேர்ல பதிஞ்சேன். மெயின் லைன்ல சேர்த்தாச்சுன்னு உறுதிமொழி கொடுத்தாத்தான் ஆளைத் தங்க வைக்க அனுமதி தருவாங்க. அதுல இருக்கிறதும் உன் கையெழுத்துதான்."

"நான் எப்பப் போட்டேன்?"

கேட்கும்போதே விளங்கிவிட்டது. மடியில் தலையணையை வைத்து, அதன் மேல் அட்டையை வைத்து, கரண்ட் கனெக்ஷன், தண்ணீர் வரி என்று ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டி, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் இங்க என்று விரலால் காட்டியது. மாத்திரை மயக்கத்தில் அவளும் இங்கே, இங்கே, இங்கே என்று போட்டுக்கொண்டே போனது. ஒரு பாட்டில் தண்ணீரைப் பத்து முறை சோதிக்கிறவள், புருஷன் நீட்டிய காகிதத்தை ஒரு முறை படிக்கவில்லை.

"எழுதினா வழக்கு உன் மேலதான் வரும். வேலையும் போயிடும். வேணாம்மா. நாலே மாசம் பொறுத்துக்கோ, நான் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். உனக்காகத்தான் சொல்றேன்."

உனக்காகத்தான். இந்த வார்த்தையை இனிமேல் எவர் சொன்னாலும் தனக்குக் குமட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். அவர் கை கொடுக்க வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கடற்கரையில் மாலை வெயில். காவல் மேடையிலிருந்த ஆள் அவளைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"பச்சையை இறக்குங்க அண்ணே. சிவப்பு ஏத்துங்க. ஆறு கம்பத்துக்கும்."

"நாளைக்குத் திறப்பும்மா! யார் உத்தரவு?"

"என் உத்தரவு. எழுதித் தர்றேன்."

கொடி மாறியதும் சலசலப்பு எழுந்தது. ஒரு பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக இவளிடமே வந்தார். "என்னம்மா இது, பன்னெண்டு மணி நேரம் பஸ்ல உக்காந்து வந்திருக்கோம். பேரப்பசங்க கடலையே பாத்ததில்ல. இப்ப வந்து குளிக்காதேன்னா எப்படி?"

"பாக்கட்டும் ஐயா. மணல்ல விளையாடட்டும். தண்ணிக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க." வேறு என்ன சொல்வது? அவர் கேட்டதில் என்ன தவறு? கடலில் குளிக்க வந்தவர்களைக் கடலில் இறக்க முடியாதது யாருடைய வெட்கக்கேடு?

ஐஸ் பெட்டியும் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு மூன்றாம் கம்பத்துக்கு நேராக இறங்கினாள். இரண்டாவது அடியிலேயே சேறு காலை வாங்கிக்கொண்டது. கணுக்காலில் உயிர் போயிற்று. விழப்போனவளின் முழங்கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். வாத்து. படகை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான்.

இடுப்பளவு போனதும், அலையைப் பார்த்து நின்று, முழங்கை வரை விட்டு மூடியைத் திறந்தாள்.

கரைக்கு வந்து உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு. முப்பத்தைந்தின் பக்கத்தில்கூட வரவில்லை. கிருமிக் கணக்கு நாளைக்குத்தான் தெரியும். ஆனால் உப்புக்கு யாருக்கும் பயப்படத் தெரியாது.

"என் பேரையும் எழுதிக்கோக்கா" என்றான் வாத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படகு போனாப் போகட்டும்."

"எழுதத்தான் போறேன். நீ சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கல." சொல்லிவிட்டுப் போனை எடுத்து வீட்டுக்காரருக்கு அடித்தாள். நாலு வரி பேசினாள். மறுமுனையிலிருந்து "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்தது. அவளே வைத்துவிட்டாள்.

சுகாதார அதிகாரி அம்மாள் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஈரப் புடவையும் சேற்றுக் காலுமாக வந்து நின்றவளைப் பார்த்து மறுபடியும் திறந்தார். சாவியைக் கீழே வைத்துவிட்டு, அவள் நீட்டிய புகார் படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னம்மா, அவசரத்துல தப்பா எழுதிட்டீங்களா? 'புகார் செய்பவர்'ங்கற இடத்துல உங்க பேர். 'யார் மீது'ங்கற இடத்துலயும் உங்க பேர்."

"தப்பு இல்ல மேடம். கட்டடம் என் பேர்ல. பொய் உறுதிமொழி என் கையெழுத்து. பதிவேட்டுல மாதிரி எடுத்தவர்னு எழுதினதும் நான்தான்."

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இதை நான் வாங்கிட்டேன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். வாங்கிக்கோங்க."

"பதினொரு வருஷம் வேலை பாத்திருக்கீங்க..."

"அதனாலதான் மேடம்."

அவர் படிவத்தை மறுபடியும் பார்த்தார். 'உடந்தை' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியில் தம்பியின் பேர் இருந்தது. இரண்டாவது வரியில் எண் மட்டும் போட்டு, மற்றதெல்லாம் காலியாக விட்டிருந்தது.

"இது யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அவரே இங்க வந்து, அவர் கையால எழுதணும்னு சொல்லியிருக்கேன். வரலைன்னா எட்டே கால் மணிக்கு நான் எழுதுவேன்."

அதிகாரி அம்மாள் படிவத்தை மேஜையில் வைத்தார். பிறகு, மேலதிகாரியாக இல்லாமல், ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வருவாரா?"

பாட்டிலக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவில் பஸ்கள் வந்து வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.

"போன மாசம் கேட்டிருந்தீங்கன்னா, கண்ணை மூடிக்கிட்டு வருவார்னு சொல்லியிருப்பேன் மேடம்."